சாரன் நனைந்த வெள்ளிக்கிழமை

எங்கள் மகன் பிறந்த இருபத்தோராம் நாள், காலை 7.20. காய்ச்சல். பால் குடிக்க மறுத்துவிட்டான். அடிவயிறு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல் இறுகிக் கிடந்தது.

நான் எதையும் நேரம் போட்டுக் கொப்பியில் எழுதிவைப்பவன். பிள்ளையை மனைவி தூக்க, கொப்பியை நான் தூக்கிக்கொண்டு கல்முனை வைத்தியசாலைக்கு ஓடினோம்.

“ஒரு நாளைக்கு இருபத்தாறு தரம் மூத்திரம் போறார், டொக்டர்” என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன்.

வைத்தியர் கொப்பியைப் பார்க்கவேயில்லை. “பாய்ஞ்சு போறாரா, சொட்டுச் சொட்டாவா? தூக்கின ஆக்கள்ர மேல எப்பயாவது அடிச்சிருக்காரா?”

கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைத்தபோது, மனைவியின் தம்பிதான் அவனை மடியில் வைத்திருந்தான். “என்ட மருமகனப் பாருங்க! ஒருத்தர் உடுத்த சாரன்லயும் அடிக்கல்ல. இப்பயே என்ன மரியாதை!” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். நானும் அதை எழுதி, அடிக்கோடு இட்டிருந்தேன்.

மரியாதையல்ல, அடைப்பு. மூத்திரக் குழாயில் பிறவியிலேயே மெல்லிய சவ்வு. ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. பிந்தினால் அவை பழுதாகிவிடும் என்றார்கள். அன்றே ரியூப் போட்டு வடியவிட்டு, தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள்.

“கொப்பிய மூடிட்டு துஆக் கேளுங்க” என்றாள் மனைவி.

எத்தனையோ மார்க்கக் கிதாபு படித்தவன் நான். ஸுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்தபோது அரபு துஆ ஒரு வரியும் வரவில்லை. தமிழில் அழுதேன்: “யா அல்லாஹ், இவன் என் மேல் அடிக்கட்டும்.”

முப்பத்திரண்டாம் நாள், உள்ளே சிறு கமரா விட்டுச் சவ்வை வெட்டினார்கள். முப்பத்தைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, ரியூபைக் கழற்றினார்கள். ஜும்ஆத் தொழுகைக்கு வெள்ளைச் சாரன் உடுத்து, போகுமுன் பிள்ளையைத் தூக்கினேன். 11.52. நெஞ்சிலிருந்து முழங்கால்வரை அடித்தான்.

மனைவி அழுதுகொண்டே சிரித்தாள். பார்க்க வந்திருந்த மச்சினன், “மரியாதையெல்லாம் போயிட்டே மச்சான்!” என்றான்.

“மாத்துறதுக்கு வேற சாரன் இல்லியே! மூத்திரம் பட்ட உடுப்போட எப்படித் தொழுற?” என்றேன்.

“பால் மட்டும் குடிக்கிற ஆம்புளப் புள்ள. தண்ணி தெளிச்சாப் போதும் எண்டு மார்க்கத்திலயே இருக்கு, போங்க” என்றாள் மனைவி.

தண்ணீர் தெளித்த ஈரச் சாரனோடு பள்ளிவாசலில் ஸஃப்பு வரிசையில் நின்றேன். அப்படியொரு ஸுஜூது அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை.

கிளினிக்குக்கு இன்னும் போகிறோம். இப்போது நான் எண்ணுவதில்லை; பாய்ந்து போகிறானா என்று பார்க்கிறேன். நீங்களும் நம்பி துஆக் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பிள்ளையையும் பாருங்கள். உங்கள் வெள்ளைச் சாரன் நனைந்தால் கோபப்படாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ் சொல்லி, தண்ணீர் தெளித்துவிட்டுப் பள்ளிக்குப் போங்கள்.