மூன்றாவது மதி

செவ்வாய்க்கிழமை காலை கொச்சி பிராட்வேயில் என் கடையைத் திறந்து பள்ளிப் பைகளைக் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் பாட்டுக் குழுவின் ஷபீக் போனில் அழைத்தான். "சேட்டா, லலிதேச்சி போயி" என்றான். பாலக்காட்டில் சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று லலிதா சொல்லியிருந்தாள். அதற்குள் கிளம்பிவிட்டாளா என்று எனக்கு எரிச்சல் வந்தது. "வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங்குக்கு வருவாளா, மாட்டாளா? அதைக் கேட்டியா?" என்றேன். "எங்கடா போனா?" என்று அதட்டினேன். அவன் அழ ஆரம்பித்த பிறகுதான் அந்தப் 'போயி'க்கு வேறு பொருள் வந்தது. இன்றுவரை அது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு லலிதாவை ஊசியோடுதான் தெரிந்திருக்கும். தேவரா பகுதியில் காலையில் வீடு வீடாக ஸ்கூட்டரில் வந்து பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துப்போகும் பெண். போர்ட் கொச்சியில் ஒரு காபிக் கடையின் பின்முற்றத்தில், எங்கள் மூவர் ராக் குழுவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறவளாக இன்னும் சிலருக்குத் தெரியும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவள் வீட்டு வாசலில் துக்கத்துக்கு வந்து நின்றபோதுதான் பலர் தெரிந்துகொண்டார்கள். தேவராவில் ஒரு வீட்டில் வேலை முடித்து இறங்கும்போது படியில் உட்கார்ந்தாளாம். தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். அவள் பையிலிருந்த ரத்தக் குப்பிகளை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். அதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் ஸ்டூடியோ என்பது மட்டாஞ்சேரியில் ஷபீக்கின் மாமாவுடைய சுக்குக் கிடங்கின் மாடி அறை. ஒரு மைக், ஷபீக்கின் லேப்டாப், என் கிதார், சத்தத்தை அடக்கத் துண்டு போர்த்திய டிரம்ஸ். எங்கள் ஆல்பத்தின் முதல் பாட்டு நடுவே கேட்கிற தும்மல் என்னுடையது. கீழே எந்நேரமும் லாரி, மூட்டை, ஏச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் சுமை தூக்குகிறவர்கள் தொழுகைக்குப் போனால் மட்டும் தெரு கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்துக்குள் லலிதா பாடி முடித்தாக வேண்டும். நாங்கள் இருவரும் பதறுவோம். அவள் நிதானமாகச் சாயா குடிப்பாள்.

அவள் ஒரு பாட்டை ஒரே தடவைதான் பாடுவாள். "ரத்தம் எடுக்கிற மாதிரிதான் அண்ணா. ரெண்டாவது தடவை குத்தினா கை வீங்கும்" என்பாள். ஒரே ஒருமுறை பாதியில் தானே நிறுத்தியிருக்கிறாள். அன்று கையை உயர்த்தி ஷபீக்கிடம் "மதி" என்றாள். மலையாளத்தில் போதும், நிறுத்து என்று அர்த்தம். கொச்சியில் பிறந்த தமிழச்சி. அவள் தமிழில் பாதி மலையாளம்.

அந்தச் சொல்லால்தான் இப்போது குழம்பிக் கிடக்கிறோம். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, படகுத் துறைக்கு மேலே பகலில் தெரிகிற நிலவைப் பற்றியது. அதை நான் 'மதி, மதி, மதி' என்று முடித்திருந்தேன். கோவில்பட்டிக்காரனுக்கு மதி என்றால் நிலவு, வேறென்ன? லலிதா சிரித்தாள். "எந்தா அண்ணா, நிலான்னு எழுதினா போராதா? ஆல்பம் முடியிற இடத்துல நின்னு போதும் போதும்னு கத்தினா, கேக்கிறவங்க எழுந்து போயிடுவாங்க."

"அவங்களுக்குத் தமிழ் தெரியலன்னா நான் என்ன செய்ய?"

"கொஞ்சம் அழுத்திட்டா மத்தி ஆயிடும். அப்புறம் பாட்டு மீன் மார்க்கெட்டுக்குப் போயிடும்" என்றாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. அவளும் பாடமாட்டேன் என்று சொல்லவில்லை.

கடைசியாக அவள் வந்த வெள்ளிக்கிழமை அதைப் பாடினாள். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி. முதல் மதி நன்றாக எழுந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக வந்தது. மூன்றாவதை இன்னும் மேலே கொண்டுபோயிருக்க வேண்டும். அதைப் பாடவில்லை, பேசுகிற குரலில், மெல்ல "மதி" என்றாள். அதற்குள் கீழே லாரி உறும ஆரம்பித்துவிட்டது. அவளுக்கும் ஏதோ அழைப்பு வந்தது. "வெள்ளிக்கிழமை பாக்கலாம் அண்ணா" என்று சொல்லிப் படியிறங்கினாள். மறுபடி பாடிப் பார்க்கலாம் என்றாளா, வழக்கமாக விடைபெறுகிறபடி சொன்னாளா? யாரைப் போய்க் கேட்பது?

ஷபீக் அது பாட்டு இல்லை என்றான். "நிறுத்தான் பறஞ்ஞதா சேட்டா, நிறுத்தச் சொன்னதுதான். பாட்டு முடியல. முடியாத பாட்டை சேச்சி பேர்ல வெளியில விடலாமா?" அதை எடுத்துவிடலாம், இல்லையென்றால் வேறு ஒருத்தியைப் பாடவைக்கலாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. அது என் நிலவு, அவள் பாடித்தான் முடித்தாள் என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு நிச்சயமில்லை. அவள் கடைசியாகப் பாடியது அது. அதை வெட்டினாலும் பிழை, வைத்தாலும் பிழை என்று பட்டது.

வேறு வழியில்லாமல் அவள் கணவர் கணேசனிடம் போனோம். அவர் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இது நிலாவும் இல்ல, நிறுத்துன்னும் இல்ல" என்றார். "சோறு போடுறப்ப இவ இப்படித்தான் மதின்னு சொல்லுவா. சொல்லிட்டுத் தட்டை நகத்த மாட்டா. இன்னும் ஒரு கரண்டி வேணும்னு அர்த்தம்."

"நிஜமாவே போதும்னா?"

"தட்டு மேல கையை வெச்சு மறைப்பா." சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

கிடங்கு மாடிக்குத் திரும்பி, அந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று முதல்முறையாகக் கேட்டோம். மின்விசிறி சுற்றுகிறது. அவள் மூச்சு கேட்கிறது. ஹெட்ஃபோனைக் கழற்றுகிற சத்தம் இல்லை. லாரி உறுமிய பிறகு ஷபீக் "கழிஞ்ஞோ சேச்சி, முடிஞ்சுதா?" என்று கேட்கிறான். அதற்கப்புறம்தான் கழற்றுகிறாள். அதுவரை அங்கேயே நின்றிருக்கிறாள். நாங்கள்தான் கவனிக்கவில்லை.

கணேசன் சொன்னது சரியா, தெரியவில்லை. பாட்டை அப்படியே வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சொல்லும், அதற்குப் பின் அவள் தட்டை நகர்த்தாமல் நிற்கிற அந்தச் சிறு நேரமும்தான். ஆல்பத்தை எந்த இடத்தில் வெட்டி முடிக்கட்டும் என்று ஷபீக் தினமும் கேட்கிறான்.

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்டா" என்கிறேன்.