பின்னால் விளக்கில்லாத வேன்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, வருஷம் சரியாக நினைவில்லை. தீபாவளி சீசன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நானும் என் நாத்தனாரும் வேலை பார்த்தோம். கம்பெனி வேன்தான் எங்களை ஏற்றி இறக்கும். பகலில் அதே வேனில் பட்டாசு லோடு போகும்.

வேனின் முன்பக்கம் மாலையும் எலுமிச்சம்பழமுமாக இருக்கும். பின்பக்கம் ஒரு பொட்டு வெளிச்சம் இருக்காது. நாத்தனார் வாயாடி. ஒருநாள் டிரைவரிடம், “ஏண்ணே, முன்னால மாப்பிள்ளை கணக்கா சோடிச்சிருக்கீக, பின்னால மட்டும் எளவு வீடு மாதிரி கெடக்கே?” என்று கேட்டாள்.

“போர்மேன் வயரை வெட்டிவிடச் சொல்லிட்டாரு தாயீ. லோடு கிட்ட பொறி கிறி தட்டுச்சுன்னா, நீயும் நானும் வாணவேடிக்கைதான்.”

வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சான்றுக்கு எஃப்.சி. காட்டப் போகும் அன்று மட்டும் வயரைச் சேர்ப்பார்களாம். மறுநாளே வெட்டிவிடுவார்களாம். வருஷத்தில் ஒருநாள் எரிந்தால் போதுமா? மற்ற நாளில் நிறுத்திப் பார்க்க ஓர் ஆளில்லை.

ஒருநாள் ஐப்பசித் தூறல். பொழுது அடைந்துவிட்டது. எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் வேன் ரோட்டிலேயே நின்றது. நான் முதலில் இறங்கினேன். நாத்தனார் பின்படியில் காலை வைத்தாள். பின்னால் வந்த கார் அப்படியே வந்து மோதியது. அவளுடைய கால் நடுவில் மாட்டி நசுங்கிவிட்டது.

கூட்டம் கார்க்காரரைப் பிடித்துக்கொண்டது. “ஏலே, கண்ணைப் பொடதியிலயா வச்சிருந்த?” என்று எங்கள் வேன் டிரைவர்தான் முதலில் கையை ஓங்கினார். “வண்டி நிக்கிறதே தெரியலய்யா” என்று அந்த மனிதர் அழுதார்.

நான் ஆண்கள் முன்னால் வாய் திறந்தவள் இல்லை. அன்றைக்குத் திறந்தேன். “அவரை விடுங்க. இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவரு காருதான் வேணும். அடிக்கணும்னா வயரை வெட்டுனவனை அடிங்க.”

டிரைவர் கையை இறக்கினார். கார்க்காரர்தான் எங்களைச் சிவகாசிக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தாள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போர்மேன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். “போலீஸ்ல கேட்டா லைட்டு எரிஞ்சதுன்னு சொல்லிருங்க. சீசன் நேரத்துல கம்பெனியை மூடிட்டா அம்புட்டுப் பேருக்கும்ல கஷ்டம்” என்றார்.

“எரியலைன்னுதான் சொல்லுவேன்” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமலே. போலீஸிலும் அப்படியே சொன்னேன். அதோடு எனக்கு வேலை போனது.

கொஞ்ச நாள் கழித்து அந்த வேன் விலக்கில் நிற்பதைப் பார்த்தேன். பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பகலில் வழக்கம்போல லோடும் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு பொறியும் தட்டவில்லை. ஊரில் எல்லோரும் இப்போதாவது போட்டார்களே என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது. பெட்டியில் இருந்த பட்டாசுக்கு அவ்வளவு பயந்தவர்கள், படியில் இறங்குகிற எங்களுக்காக ஒருநாளும் பயப்படவில்லையே. அந்தக் கோபம் இத்தனை வயதிலும் ஆறவில்லை, ஆறக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.