மேட்டில் விழுந்த பிறைகள்

விதுராவைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துச் சரிவில் அத்தை வீடு. ஓணம் விடுமுறை வந்தால் கிழக்கேகோட்டையில் அப்பா என்னை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிடுவார். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்கு அங்கே சலுகையும் அதிகம், கண்டிப்பும் அதிகம்.

எனக்கு ஒன்பது வயதான வருடம் மழை விடவேயில்லை. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்துதான் அடுக்களையைக் கட்டியிருந்தார்கள். வெட்டியதில் அதன் பின்னால் மிச்சம் நின்ற மேட்டில் ஏறிப் பார்த்தேன். செம்மண்ணில் பிறைபிறையாக வெடிப்புகள்; ஒன்றன்கீழ் ஒன்றாக, மீன் செதில் அடுக்கியதுபோல. யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி அத்தனை ஒழுங்கு! முதல் நாள் ஒரு வெடிப்பில் ரப்பர்க்கொட்டையை வைத்தேன்; வாயிலேயே நின்றது. மூன்றாம் நாள் போட்ட கொட்டை உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

சேற்றுக்காலோடு இறங்கியவளை அத்தை பிடித்துக்கொண்டாள்.

“மழையத்து எதுக்குட்டி மேலே போனே? வழுக்கி விழுந்தா உங்கப்பாகிட்டே நான் என்ன சமாதானம் சொல்ல?”

“அங்கே ஒரு அதிசயம் இருக்கு அத்தே, வந்து பாரேன்.”

“ஒரு அதிசயமும் வேண்டாம். இனி ஏறினா காலை ஒடிப்பேன், கேட்டியா?”

சொல்லிவிட்டு முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். சூடாக ஏத்தங்காய் அப்பம் தந்தாள். நான் அதிசயத்தை மறந்தேன்.

மறுநாள் அப்பா வந்து என்னை அழைத்துப்போனார். அதற்கு இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், மேடு அப்படியே வழுக்கி இறங்கி அடுக்களையை மூடியது. மாமா ரப்பர் ஷீட் விற்கப் போயிருந்தார். அத்தை உள்ளே இருந்தாள்.

கீழே பாறை, மேலே மண், நடுவே மழைநீர். பிடி விட்ட மண் தன் பாரத்தாலேயே இறங்கத் தொடங்கும். கிழிகிற இடம் பிறையாக வளையும். இதெல்லாம் நான் கல்லூரியில் படித்தபோது தெரிந்துகொண்டது.

காரியத்துக்குப் போனபோது மாமா என்னை மடியில் இருத்திக்கொண்டு அழுதார்.

“இந்த மலை ஒரு அடையாளம்கூட காட்டலியே, மோளே. காட்டியிருந்தா அவளைக் கூட்டிட்டு இறங்கியிருப்பேனே.”

அவர் கன்னத்தை என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.

“ஆமா மாமா, காட்டவே இல்லை” என்றேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. அடையாளத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.