நான் ஆய்ந்த ஆறு அப்பிள் மரங்கள்

அப்பிள் ஆய்கிற, அதாவது பறிக்கிற, வேலையில் முதலில் இடுப்பு போகும், அடுத்தது மரியாதை. ஏணியில் நின்று கூலி வாங்கிய சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காம்பு

தொண்ணூறுகளின் நடுவில் சுவிஸில் நொஷாட்டல் நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் சேர்ந்தேன். 'ரோஸ் து பேர்ண்' என்ற பழைய இனம்: கூரையைத் தாண்டிய மரங்கள், கருஞ்சிவப்புப் பழம். குளிர்காலத்திலும் வேலை உண்டென்று முதலாளியம்மா கடிதம் தந்தால்தான் என் மூன்று வருட விசா மேலும் நீளும். ஆகவே மிகக் கவனமாக ஆய்ந்தேன். யாழ்ப்பாணத்தில் பால் படாமலிருக்க மாங்காயை நீளக் காம்போடு முறிப்போம். அதேபோல ஆறு மரங்களிலும் ஒவ்வொரு பழத்தையும் அது தொங்கிய குச்சியோடு முறித்து அடுக்கினேன்.

கூட வேலை செய்த மன்னார் அந்தோனி அண்ணை பெட்டியை எட்டிப் பார்த்தார். குச்சிகளைப் பொறுக்கித் தன் சாக்கில் ஒளித்துக்கொண்டே சொன்னார்: "அடேய், அடுத்த வருசப் பூ இந்தக் குச்சியிலைதான் இருக்கு. நீ ரெண்டு வருசத்தை ஒரே நாளிலை ஆய்ஞ்சிட்டாய்."

பூ

வசந்தத்தில் தோட்டம் முழுவதும் பூ. என் ஆறு மரங்களில் இலை மட்டும். முதலாளியம்மா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அண்ணை முந்திக்கொண்டு, "நல்லாய்க் காய்ச்ச மரம், மதாம், இந்த வருசம் ஓயுது" என்றார் பிரெஞ்சில். இந்த இனம் ஒரு வருடம் நிறையக் காய்த்தால் மறுவருடம் அப்படி ஓய்வதுண்டு. முதலாளியம்மா நம்பிவிட்டார்.

பஸ்சில் நன்றி சொன்னேன். அண்ணை யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னோடை கதையாதை. பொய் உனக்காக, பாவம் என்ரை."

வாடிக்கை

செப்டம்பரில் பண்ணை வாசலில் விற்பனை. என் ஆறு மரமும் காய்க்காததால் ரோஸ் து பேர்ண் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. மலையிலிருந்து காரில் வந்த ஒரு கிழவர், நான் நீட்டிய புது இனத்தை முகர்ந்தார், திருப்பி வைத்தார். "வாசம் இல்லாததைப் பசுவுக்குப் போடு, மிஸ்யு."

கடிதம்

அடுத்த வசந்தத்தில் அந்த ஆறும் அரைகுறையாகத்தான் பூத்தன. கிழடு தட்டிவிட்டது, வெட்டிவிட்டுக் குட்டை மரம் நடலாம் என்று முதலாளியம்மா முடிவெடுத்தார். வெட்டவும் வேரைக் கிளப்பவும் குளிர்காலத்துக்கு ஓர் ஆள் வேண்டும். நவம்பரில் கையெழுத்திட்ட கடிதத்தை என்னிடம் நீட்டினார். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். கை கடிதத்தை வாங்கிவிட்டது.

"இவை என் அப்பா நட்டவை. உங்களைப்போலப் பதமாக ஆய்கிறவர் இங்கே இல்லை. அதனால் நீங்களே வெட்டுங்கள்" என்றார்.

அந்தப் பண்ணையில் நான் பிழையில்லாமல் செய்த ஒரே வேலை அந்த ஆறையும் வெட்டியதுதான். விசாவையும் புதுப்பித்துத் தந்தார்கள்.