பூவைப் பார்த்து எழுதிய மழை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சேலத்தில் கல்லூரி ஆசிரியை. மழை பெய்த எத்தனையாம் நாள் காப்பிச் செடி பூக்கிறது என்று ஓர் ஆய்விதழில் கட்டுரை எழுதினேன். பதவி உயர்வுக்கு அச்சில் ஒரு கட்டுரையாவது வேண்டியிருந்தது. வெளியில் மட்டும் அறிவுத் தாகம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஆதாரம் முழுவதும் ஏற்காடு மலையில் கொட்டச்சேடு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டர் வைத்திருந்த நோட்டு. தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவார். பூத்த நாளையும் பக்கத்திலேயே குறிப்பார். ஐந்து வருட நோட்டைப் பிரதி எடுத்தேன். நான்கு வருடம் கணக்கு முன்னே பின்னே இழுத்தது. ஒரு வருடம் மட்டும் சொல்லிவைத்தாற்போல ஒன்பதாம் நாள் பூ. அந்த வருடத்தைத் தூக்கிப் பிடித்துத்தான் கட்டுரையே நின்றது.

அச்சானதும் ஒரு பிரதியோடு பஸ் ஏறினேன். நன்றி சொல்லியிருந்த இடத்தில் அவர் பெயரைக் காட்டி, நோட்டால் கட்டுரைக்கு எவ்வளவு பலம் என்று அந்த வருடத்தைச் சொல்லிப் புகழ்ந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அது நான் பாத்து எழுதுன மழை இல்லீங்க டீச்சரம்மா. அந்த மாசம் பூரா ஊட்டுக்காரி சேலம் ஆஸ்பத்திரியில கெடந்தாளுங்க. அவ காரியத்த முடிச்சுட்டுத் திரும்பி வந்தா, தோட்டமெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்குது. நோட்டு காலியா இருந்தா மேனேஜர் வைவாருன்னு, வழக்கமாச் சொல்ற ஒம்பது நாள் பின்னால எண்ணி மழைய எழுதிப்போட்டேனுங்க.”

பூவை வைத்து அவர் மழையை எழுத, அந்த மழையை வைத்து நான் பூவை நிரூபித்திருக்கிறேன். சிரிப்பு வரவேண்டிய விஷயம். நான் விரித்துக் காட்டிய இதழை மூடினேன்.

“அச்சுல ஏறிருச்சுங்களே. நொம்பப் பேரு படிப்பாங்களே. தப்புன்னு எழுதிப் போட்டுருங்க. எம் பேரையும் போடுங்க, பரவால்லீங்க.”

எழுதுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். அந்த இதழின் கடைசிப் பக்கத்தில் திருத்தம் வெளியிடும் வழக்கம் உண்டு. நாலு வரி போதும். உறையில் போட்டு விலாசமும் எழுதியபின், பதவி உயர்வு முடியட்டும் என்று மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். முடிந்தது. அப்புறம் வெட்கம் வந்து தடுத்தது. கடிதம் அங்கேயே கிடந்தது.

ஏற்காடு போகும்போதெல்லாம் அவர் கண்ணில் படாமல் திரும்பிவிட முயல்வேன். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க டீச்சரம்மா, போட்டுட்டாங்களா?”

“போட்டாச்சுங்க ரைட்டர்” என்றேன். வாய் கூசவில்லை. கை எடுத்துக் கும்பிட்டார். “இனித் தூக்கம் வருமுங்க” என்றார். மனைவி செத்த துக்கத்தோடு என் கட்டுரையையும் அவர் சுமந்துகொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

தொண்ணூறுகளில் அவர் இறந்த சேதி தாமதமாகத்தான் கிடைத்தது. துக்கம் கேட்க அவர் வீட்டில் யாரும் இல்லாததால் எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். புது ரைட்டர் இளைஞர். இறந்தவருக்குத் தெரிந்தவள் என்று மட்டும் சொல்லி, பழைய மழை நோட்டைப் பார்க்கக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

அந்த மாதம் முழுக்கச் சிவப்பு மையில் அடித்திருந்தது. கீழே அவருடைய குண்டு குண்டான எழுத்து: ‘இந்த மாதம் நான் மழை பார்க்கவில்லை. பூவைப் பார்த்து எழுதியது. யாரும் எடுக்க வேண்டாம். டீச்சரம்மா பத்திரிகையில் திருத்தம் போட்டுவிட்டார்கள்.’ கையெழுத்து, தேதி. பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்த அதே வாரம்.

அதற்குப் பிறகு அந்த நோட்டைப் பார்க்க வந்த எல்லோரும் அந்த மாதத்தை விட்டுவிட்டுத்தான் பிரதி எடுத்தார்களாம். என் கட்டுரையில் மட்டும் அந்த மழை இன்னும் பெய்கிறது.

“ஏனுங்கம்மா, இந்த டீச்சரம்மா யாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டார் இளைஞர்.

“தெரியாதுங்க” என்றேன்.