லேப்டாப்புக்கு நெற்றி எங்கே இருக்கிறது?

என் பழைய லேப்டாப்பைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் தூத்துக்குடி துறைமுகத்தில் இரண்டே வகைதான். அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் ஒரு வகை. அது காலில் விழுந்தவர்கள் இன்னொரு வகை. கறுப்பு நிறம், மூன்று விரல் தடிமன். மூடியின் பூச்சு திட்டுத் திட்டாக உரிந்திருக்கும். பாதி எழுத்துகள் அழிந்துபோனதால் விரல்களே ஞாபகத்தில் தட்டிக்கொள்ளும். ஒயர்களைச் சொருக இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு ஓட்டைகள். ஒரு முறை கப்பல் படிக்கட்டிலிருந்து நழுவித் தளத்தில் விழுந்தது. ஓடிப்போய் எடுத்துத் திறந்தேன். நான் விட்டிருந்த கட்டத்தில் கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. எனக்குத்தான் முழங்காலில் சிராய்ப்பு.

நான் கப்பல் சரக்கு சர்வேயர். கப்பலைத் தூக்கித் தராசில் வைக்க முடியாது. அதனால் அது தண்ணீருக்குள் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று பார்த்து, உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கணக்கிடுவோம். கப்பலின் முன்னால், நடுவில், பின்னால் என்று இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு இடங்களில் உடம்பிலேயே எண்கள் எழுதியிருக்கும். கரைப் பக்கம் நின்றுகொண்டே படித்துவிடலாம். கடல் பக்கத்துக்குக் கயிற்று ஏணியில் இறங்க வேண்டும். அந்த ஆறு எண்களும் லேப்டாப்புக்குள் போய் ஒரே எண்ணாக வெளியே வரும். அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் வாங்குகிறவரும் விற்கிறவரும் சண்டை போடுவார்கள்.

ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருடம் இந்த வேலை பார்த்தேன். கடைசி சில வருடங்கள் என்னை ஏணியிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். ஆண்கள் கப்பலுக்குப் போய் எண்களைக் கொண்டுவருவார்கள், நான் அறிக்கை அடிப்பேன், அவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். "உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார் மேனேஜர். பொறுக்க முடியாமல் வெளியே வந்து தனியாகப் பெயர்ப்பலகை மாட்டினேன். பலகை மாட்டினால் போதுமா? முதல் வருடம் ஈ ஓட்டினேன்.

இரண்டாம் வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வளைகுடாவில் இருந்துகொண்டு மாதாமாதம் இங்கே ஜிப்சம் இறக்குகிறார். வருடம் முழுக்க தன் கப்பல்களுக்கென்று ஒரு சர்வேயரைத் தேடுகிறார். கிடைத்தால் என் பலகை நிற்கும். கிடைக்காவிட்டால் பழைய கம்பெனியின் அதே நாற்காலிதான். அந்த நாற்காலியின் ஒரு சக்கரம் ஓடாது என்பதுவரை எனக்கு நினைவிருந்தது.

விஷயத்தைக் கொண்டுவந்தவர் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் இருக்கும் அண்ணாச்சி. கூடவே என் லேப்டாப்பையும் ஒரு பார்வை பார்த்தார்.

"வீடியோ கால்ல பேசணும்னு சொல்லுதாரு மேடம். இந்த அம்மிக்கல்ல வச்சுக்கிட்டா பேசப் போறீய? ஆள் பாதி ஆடை பாதிம்பாங்க. பாத்துக்கிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்தோடு நேராகக் கடைக்குப் போனேன். பழையதன் கேமராவில் எல்லோரும் மழையில் நனைந்தவர்கள் போலத் தெரிவார்கள், அதனால்தான் புதிது வாங்கினேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அந்த அம்மிக்கல் என்ற வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது.

கடைக்கார அண்ணாச்சி வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்து, இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். தோசைத் திருப்பி கனம்கூட இல்லை. அட்டைப்பெட்டியில், 'தொழில் வல்லுநர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த படத்தில், ஒரு வெள்ளை அறையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அதை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன தொழில் என்று மட்டும் போடவில்லை. இதை வடிவமைத்தவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது வியர்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"அண்ணாச்சி, பென் டிரைவ் எங்கன சொருகுறது?"

"ஓட்டை வச்சா அழகு போயிரும்லா."

"பிரிண்டர் ஒயரு?"

"அதுவும் கெடையாது. தடவிப் பாருங்க, எப்படி வழுவழுன்னு இருக்கு."

"உப்புக் காத்து, தூசி எல்லாம் தாங்குமா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இத ஏன் கடலுக்குக் கொண்டு போறீங்க?"

இவ்வளவு கேட்ட பிறகும் வாங்கினேன். கண்ணைத் திறந்துகொண்டே கிணற்றில் விழுவது என்பது இதுதான். தடவிப் பார்த்திருக்கக் கூடாது.

வீட்டில் என் கணவர் காத்திருந்தார். அவருக்கு ஹார்டுவேர் கடை. புதுப் பொருள் புதிதாகவே சாக வேண்டும் என்பது அவர் கொள்கை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் ஏழு வருடமாக பிளாஸ்டிக் உறை இருக்கிறது. கார் சீட்டில் உட்கார்ந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். டிவி ரிமோட்டின் உண்மையான நிறம் எங்கள் யாருக்கும் தெரியாது. லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த நீலத் தாளை நான் உரிக்கப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, கோட்டிக்காரியா நீ? கீறல் விழுந்துரும்."

"அந்த வெள்ளி நிறத்துக்காகத்தானங்க வாங்குனேன்."

"நிறம் உள்ள பத்திரமா இருக்குல்லா. அது போதும்."

பிறகு குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் அதைத் திறந்து வைத்தார். லாரி வாங்கினாலும் தராசு வாங்கினாலும் அவர் கடையில் செய்கிற முறைதான். சூடம் காட்டினார், எலுமிச்சம்பழத்தை வைத்தார். சந்தனத்தைக் குழைத்து, திரைக்கு மேலே நட்டநடுவில், அளந்து வைத்தது போல ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். எனக்கும் அது லட்சணமாகத்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வீடியோ கால். நல்ல புடவை கட்டி, பின்னால் சுவரில் என் சான்றிதழ்களை ஆணியடித்து மாட்டி (ஆணி சொந்தக் கடை), ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டேன். காயல்பட்டினத்துக்காரர் திரையில் வந்தார். வெள்ளைத் தாடி, சாந்தமான முகம். நான் வணக்கம் சொன்னேன்.

"தங்கச்சி, குரல் நல்லா கேக்குது. உங்க பக்கம் ஒரே இருட்டா இருக்கே. கரண்ட் இல்லையா?"

விளக்கைப் போட்டேன். இருட்டு. ஜன்னலைத் திறந்தேன். இருட்டு. என் கணவர் கடையில் விற்காமல் கிடந்த எமர்ஜென்சி லைட்டைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். எனக்குக் கண் கூசியது. திரையில் இருந்தவருக்கு அப்போதும் இருட்டுதான்.

"பரவால்ல தங்கச்சி, விடுங்க. பேசுவோம்" என்றார்.

அரை மணி நேரம் பேசினோம். அலை அடிக்கும்போது எண்ணை எப்படிப் படிப்பீர்கள் என்று கேட்டார். தண்ணீரின் அடர்த்தி பார்க்க எந்தப் பக்கத்திலிருந்து, எத்தனை ஆழத்திலிருந்து தண்ணீர் எடுப்பீர்கள் என்று கேட்டார். கப்பல் அதிகாரி வேறு எண் சொல்லி அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றார். "கூட்டிட்டுப் போயி காட்டுவேன், காக்கா" என்றேன். காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சிரித்தார். வீட்டுக் கல்யாணத்துக்கு ஊருக்கு வருவதாகவும், முதல் கப்பலை நான் சர்வே செய்யும்போது தானே நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொன்னார். அவ்வளவு நன்றாக யாரும் என்னிடம் வேலையைப் பற்றிப் பேசியதில்லை. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சாயங்காலம் திரையைத் துடைத்தபோது பொட்டு உதிர்ந்தது. அதற்கு அடியில் கடுகளவு கண்ணாடி மின்னியது. கேமரா.

"நெத்தியில வைக்காம கால்லயா வைப்பாங்க?" என்றார் என் கணவர், கொஞ்சமும் அசராமல்.

கப்பல் வந்த அன்று, அழகுக்கு வெள்ளி லேப்டாப்பும் நம்பிக்கைக்குக் கறுப்பு லேப்டாப்புமாக இரண்டையும் பையில் போட்டுக்கொண்டேன். மெலிசாக ஒன்றை வாங்கியதால் இப்போது கனம் கூடியிருந்தது. ஹெல்மெட், பூட்ஸ், மின்னும் சட்டையோடு படிக்கட்டில் ஏறி, கப்பல் அலுவலகத்தில் உட்கார்ந்து, வெள்ளியை எடுத்து மேசையில் வைத்தேன். நீலத் தாளோடு.

வாசலில் ஒரு மாலுமி எட்டிப் பார்த்தான். இன்னொருவன் வந்தான். ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் பாஸ்போர்ட்டை நீட்டி, "சிம் கார்டு? ஒன் மந்த் டேட்டா?" என்றான்.

துறைமுகத்துக்குத் துறைமுகம் சிம் கார்டு விற்கிறவர்கள் இப்படித்தான் மெலிசான லேப்டாப்போடு ஏறி வருவார்கள். நான் சர்வேயர் என்று சொன்னேன். வரிசை நம்பவில்லை. தலைமை அதிகாரி உள்ளே வந்தார். அவரும் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சர்வேயர் எத்தனை மணிக்கு வருவார் என்று மரியாதையாகக் கேட்டார். அதே நேரம் பின்னால் ஒரு பழக்கமான குரல் கேட்டது.

"தங்கச்சி, சிம் கார்டெல்லாம் அப்புறம் குடுக்கலாம். சர்வேயர் அம்மா எங்கன இருக்காங்க?"

"நான்தான் காக்கா அது."

அவர் முகம் மாறியது. நல்ல மனிதர், அதை மறைக்கப் பார்த்தார். ஆனாலும் கேட்டுவிட்டார். "நீங்களா? ஏணியில எல்லாம் நீங்களேவா எறங்குவீங்க? ஆம்பள யாரும் கூட வரலையா? வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

இந்த மூன்று கேள்விகளும் இத்தனை வருடமாக எனக்கு மனப்பாடம். வரிசைகூட மாறாது. குரலிலேயே பெண் என்று தெரிந்தும், அன்று வீடியோ காலில் பேசிய அரை மணி நேரத்தில் இவற்றில் ஒன்றைக்கூட இவர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. குரல் கேட்டபோது அலையைப் பற்றிக் கேட்டவர், முகத்தைப் பார்த்ததும் ஏணியைப் பற்றிக் கேட்கிறார். எனக்கு அழுகை வந்தது. கோபம் அதை முந்திக்கொண்டது.

பையிலிருந்து கறுப்பை எடுத்து மேசையில் வைத்தேன். தொம் என்று சத்தம் கேட்டது. மேசையிலிருந்த கோப்பை ஒரு துள்ளு துள்ளியது. தலைமை அதிகாரி உரிந்த மூடியைப் பார்த்தார், ஒட்டியிருந்த நிலக்கரித் தூளைப் பார்த்தார், எட்டு ஓட்டைகளையும் பார்த்தார். உடனே "ஓ! சர்வேயர்!" என்று எழுந்து நின்று எனக்குக் காபி கொண்டுவரச் சொன்னார். வரிசை கலைந்தது. கணக்குக்கு வேண்டிய கப்பல் அட்டவணைகள் இருந்த பென் டிரைவைக் கொடுத்தார். சொருக ஓட்டை இருந்தது.

கடல் பக்கம் கயிற்று ஏணியில் இறங்கினேன். அலை வந்து வந்து எண்ணை மூடியது. அது தாழ்ந்த இடத்தையும் ஏறிய இடத்தையும் திரும்பத் திரும்பக் குறித்து நடுவை எடுத்தேன். மேலே கம்பியைப் பிடித்தபடி காக்கா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். அதிகாரி எழுதி வைத்திருந்ததைவிட என் எண் குறைவு. அவர் தலையாட்ட மறுத்தார். "வாங்க, காட்டுறேன்" என்று அவரையும் ஏணியில் இறக்கினேன். ஏறி வந்தவர் தன் தாளில் எண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். என் தாளில் என் கையெழுத்தை நானே போட்டேன்.

படிக்கட்டில் இறங்கும்போது காக்கா சொன்னார். "நான் கேட்டத மறந்துருங்க தங்கச்சி. இன்ஷா அல்லாஹ், வருசம் பூரா நீங்கதான் பாக்கணும்." நாலு படி தள்ளி நின்று, "ஆமா, அன்னைக்கு ஏன் அவ்வளவு இருட்டு?" என்றார்.

பொட்டுக் கதையைச் சொன்னேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நல்லவேள. முகத்தப் பாத்திருந்தா ஏணிப் பேச்சோட முடிச்சிருப்பேன்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

இப்போது கப்பலுக்குக் கறுப்புதான் போகிறது. வெள்ளி, நீலத் தாளோடு வீட்டில் இருக்கிறது. புதிதாக யாராவது வீடியோ காலில் பேச வேண்டும் என்றால் மட்டும் அதைத் திறப்பேன். போன வாரம் அப்படி ஒரு கால். ஐந்து நிமிடம் முன்னால் குங்குமச் சிமிழை எடுத்து, சந்தனம் குழைத்து, திரையின் நெற்றியில் நானே அழுத்தமாகப் பொட்டு வைத்தேன்.

என் கணவர் வாசலில் நின்று பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு. "இப்பமாவது பக்தி வந்துச்சே ஒனக்கு."

"ஆமாங்க" என்றேன்.

கால் வந்தது. "மேடம், உங்க முகம் தெரியலையே" என்றது ஒரு குரல்.

"தெரியாது சார். கப்பல் எப்ப வருது, என்ன சரக்கு? சொல்லுங்க."