திருத்தக் கூடாத தமிழ்

தமிழ் டீச்சர் வேலை என்பது, அடுத்தவர் வாயிலிருந்து வருவதையெல்லாம் பிடித்து வைத்துத் தப்பு சொல்லும் வேலை. பழக்கம் முற்றிப்போய் பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை எதையும் விடுவதில்லை. சக டீச்சர்களே, உங்களுக்கும் இந்த வியாதி இருக்கும், கூச்சப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள். குன்னூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளியில் எனக்கு அது பதினெட்டு வருஷமாக இருக்கிறது.

மூஞ்சியப் பார்த்துக்கோங்க

வீட்டில் தனக்குக் கொடுமை நடக்கிறது என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் டீச்சர் என்ன செய்ய வேண்டும்? இதற்காக ஊட்டியில், கொட்டுகிற மழையில், எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி. பதறாதே. ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்காதே. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதே. பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுது. எல்லாவற்றையும் நோட்டில் அழகாக எழுதிக்கொண்டேன்.

அப்புறம் நடித்துக் காட்டச் சொன்னார்கள். எங்கள் பி.டி. சார்தான் குழந்தை, நான் டீச்சர். ஆறடி ஆள் கையைக் கட்டிக்கொண்டு, "டீச்சர், ஊட்டுல என்னைய அடிக்கறாங்க" என்றார். நான் நெஞ்சில் கை வைத்து "அய்யய்யோ!" என்று அலறிவிட்டேன். மறுபடி செய்யச் சொன்னார்கள். இந்தத் தடவை பதறவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சார் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், இந்த மூஞ்சிக்கு அடிச்சவனே தேவலைன்னு நான் ஊட்டுக்கே ஓடிப் போயிருவனுங்க."

சத்தியம் கிடையாது

அடுத்த மாதமே நிஜமாக வந்தது. ஆறாம் வகுப்புப் பெண். அவள் பேர் வேண்டாம், மல்லிகா என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலோனிலிருந்து வந்த குடும்பம், எஸ்டேட் லைனில் வீடு, அப்பா இல்லை, அம்மாவுக்குத் தேயிலை பேக்டரியில் வேலை. அந்த ஜூனில்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தாள். மத்தியானம் கட்டுரை நோட்டுகளை அடுக்கி வைக்க வந்தவள், நோட்டைப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா பெல்ட்டால அடிக்கிறாரு டீச்சர். அம்மா பேக்டரிக்குப் போயிருக்கப்போ" என்றாள். யாரிடமும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணுங்கள் என்று உள்ளங்கையை நீட்டினாள்.

என் கை தன்னால் எழுந்தது, அடக்கிக்கொண்டேன். "சத்தியம் பண்ண முடியாதும்மா. நீ சொன்னத நான் நம்பறேன். உன்மேல ஒரு தப்பும் இல்ல. உன்னைப் பாதுகாக்க யாருக்குத் தெரியணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்றேன். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கவலையோடு கேட்டாள்: "எச்.எம். டீச்சர்கிட்டயா? அவங்க ரகசியம் பேசினா பேக்டரி வரைக்கும் கேக்குமே டீச்சர்!"

தந்தையின் இளைய சகோதரர்

எச்.எம்.மிடம் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டோம். ஆள் அனுப்புகிறோம், அதற்குள் நடந்ததை எழுதி வையுங்கள் என்றார்கள். எழுத உட்கார்ந்தேன் பாருங்கள், பதினெட்டு வருஷ வியாதி கையைப் பிடித்துக்கொண்டது. 'மாணவி, தன் தந்தையின் இளைய சகோதரரால் துன்புறுத்தப்படுவதாகத் தெரிவித்தாள்.' ஒற்றுப்பிழை கூடக் கிடையாது!

எச்.எம். படித்தார். "அப்பாவோட தம்பியா? அட்மிஷனுக்கு வந்தாரே, அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனிலதான இருக்காரு? பொங்கலுக்குத்தானே வருவாரு. அப்ப இன்னிக்குப் பயமில்லை. புள்ள ஊட்டுக்குப் போகட்டும், வர்றவங்க நாளைக்குப் பேசிக்கட்டும்" என்றார். பிள்ளையைக் கூட்டிப்போக வீட்டு ஆள் கேட்டில் நிற்பதாக ஆயாவும் வந்து சொன்னார். நானும் மண்டையை ஆட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நல்லவேளை, உதவி எண்ணிலிருந்து அனுப்பிய பெண் அந்த நேரம் பார்த்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். என் தாளைப் படித்துவிட்டு, "டீச்சர், இது உங்க தமிழுங்க. பாப்பா சொன்ன வார்த்தை என்னங்க?" என்றார். சித்தப்பா என்றேன். அவர் போய் மல்லிகாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார், சித்தப்பா இப்ப எங்க இருக்காரும்மா என்று. மல்லிகா ஜன்னலைக் காட்டினாள். "அந்தா, கேட்டுப் பக்கத்துல நிக்கிறாரு. அம்மா போன வருசம் கட்டிக்கிட்டவரு. அவரைச் சித்தப்பான்னுதான் கூப்பிடணும்னு சொல்லியிருக்காங்க."

நான் பி.டி. சாரைக் கூப்பிட ஓடினேன்.

இரண்டாவது தாள்

அன்றைக்கு அவள் அந்த ஆளோடு போகவில்லை. கேட்டில் பி.டி. சார் அவரைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைத்தார், போலீஸ் வந்தது. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, அவளை ஊட்டி காந்தலில் பெரியம்மா வீட்டில் விட்டது. இப்போது அங்கேயே ஒரு பள்ளியில் படிக்கிறாள். அவள் அம்மா மறுநாள் வந்து என் மேஜையில் தலை வைத்து அழுதார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றவில்லை, தேற்றவும் தெரியவில்லை.

அவள் சொன்ன அன்று சாயங்காலமே, உதவி எண்ணிலிருந்து வந்த பெண் பக்கத்தில் இருக்க, புதுத் தாளில் மறுபடி எழுதினேன். மல்லிகா சொல்லச் சொல்ல, அவள் வாயில் வந்தது வந்தபடி: 'சித்தப்பா மொதல்ல ஏசுவாரு. பெறகு அடிப்பாரு.' ஒவ்வொரு எழுத்துக்கும் என் கை நமநமத்தது. கண்ணீர் வேறு மறைத்தது. எழுதி முடித்ததும் அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்காகப் பயந்து, காதோடு சொன்னாள்: "டீச்சர், அவசரத்துல 'பெறகு'ன்னு எழுதிட்டீங்க, 'பிறகு'ன்னு மாத்திருங்க, யாராச்சும் பார்த்தா உங்களத்தான் ஏசுவாங்க."

பதினெட்டு வருஷத்தில் நான் செய்த உருப்படியான தமிழ்த்தொண்டு, அந்தப் 'பெறகு'வை அப்படியே விட்டதுதான்.